தண்ணீர் விழுகிறதா?

சுற்றிலும் நீர் சூழ்ந்த கடலில் ஒரு படகின் எந்திரம் வெப்பத்தால் அழியுமா என்று கரையில் வாழ்வோர் வினவலாம். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தின் விலையை 1998ஆம் ஆண்டு மே மாதத்து இரவொன்றில் அறிந்தோம்.

எம் வாப்பா அவர்கள் தொண்டிக் கடலில் விசைப்படகு ஓட்டியவர்கள். எழுத்தறிவு குறைவு, எந்திர அறிவோ மிகுதி. டீசலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உழைப்பாக மாறுகிறது. எஞ்சிய வெப்பத்துள் ஒரு பகுதி புகையோடு போகும். மற்றொரு பகுதியை நீரே சுமந்து வெளியேற்ற வேண்டும். கடல்நீரை நேரே எந்திரத்துக்குள் ஓடவிட்டாலோ, லிட்டருக்கு 35 கிராம் அளவில் கரைந்துள்ள உப்பு இரும்பை அரிக்கும். சூடேறிய இடங்களில் படிந்து வழியையும் அடைக்கும். ஆதலின் எந்திரத்துக்குள் நன்னீரே சுற்றி ஓடும். அதன் வெப்பத்தைக் ‘கூலர்’ எனும் உருளையின் மெல்லிய குழாய்களில் பாயும் கடல்நீர் வாங்கிக்கொண்டு, படகின் பக்கவாட்டில் வெளியே விழும். அக்கடல்நீரை இழுத்துத் தருவது ஒரு சிறு பம்ப். அதனுள் சுழல்வது ஆறு இதழ்கள் கொண்ட, உள்ளங்கையில் அடங்கும் ரப்பர்ச் சக்கரம். ஐந்து உயிர்கள் அச்சக்கரத்தை நம்பிக் கடலுக்குச் சென்றன.

எந்திரம் முழங்கத் தொடங்கியதும் வாப்பா கேட்கும் முதற்கேள்வி, “தண்ணீர் விழுதா?” என்பதே. கூலரில் திருகியிருக்கும் துத்தநாகத் துண்டு, தான் கரைந்து பிற உலோகங்களைக் காப்பது. கப்பலின் செப்புத் தகட்டை இம்முறையால் காக்கலாம் என்று ஹம்ப்ரி டேவி 1824இல் எடுத்துரைத்தார். வாப்பா அப்பெயரைக் கேட்டதில்லை. ஆயினும் துண்டு பாதி கரைந்ததும் மாற்றிவிடுவார்கள்.

கடல்நீர் உட்புகும் வழியிலுள்ள சல்லடையைக் கழுவுவது, விடுமுறைக்கு ஊர் வந்த எமக்கு ஒப்படைத்த வேலை. பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, கடற்புல் மிகுந்தது. நாள்தோறும் கழுவாவிடில் சல்லடை அடைத்துக்கொள்ளும். ஆனால், கையில் சேறும் எண்ணெயும் படுவதைக் கல்லூரி மாணவனுக்கு இழுக்கென நாம் கருதிய காலம் அது. “சல்லடையைப் பார்த்தியா, தம்பி?” என்று கேட்டார்கள். “பார்த்தாச்சு, வாப்பா” என்றோம். பார்க்கவில்லை.

நள்ளிரவில் பக்கக் குழாயில் நீர் நின்றது. ஆவி கிளம்பியது. வாப்பா எந்திரத்தை நிறுத்தி நங்கூரம் இடச் சொன்னார்கள். கச்சான் காற்று படகைக் கிழக்கே தள்ளியது. கிழக்கே 1974ஆம் ஆண்டு உடன்பாடு வகுத்த கடலெல்லை. அப்பால் போர் நடந்துகொண்டிருந்த நாடு. செயலற்ற படகு எல்லை தாண்டினால் என்ன நேரும் என்பதை ஐவரும் அறிவோம். நங்கூரம் சிறிது தூரம் இழுபட்டுப் பின்பே மண்ணைப் பற்றியது.

ஒருவர் வாளியில் கடல்நீர் முகந்து எந்திரத்தின்மேல் ஊற்ற விரைந்தார். வாப்பா தடுத்தார்கள். கொதிக்கும் இரும்பில் குளிர்நீர் பட்டால் விரிசல் காணும். நன்னீர்த் தொட்டியின் மூடியைத் திறந்தாலோ ஆவி பாய்ந்து முகத்தைச் சுடும். ஆறும்வரை காத்திருப்பதே மருந்து. ஆறிய பின் சல்லடையைத் திறந்தார்கள். கடற்புல்லும் ஒரு பாலிதீன் பையும் அடைத்திருந்தன. வாப்பா எம்மை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை.

நீரின்றிச் சுழன்ற ரப்பர்ச் சக்கரம் கிழிந்திருந்தது. மாற்றுச் சக்கரம் கையிருப்பில் இருந்தும் உடனே பொருத்தவில்லை. பழையதன் இதழ்களை எண்ணினார்கள். “ஆறுல நாலுதான் இருக்கு. மத்த ரெண்டும் காணாமப் போகாது. உள்ளேதான் எங்கேயோ அடைச்சுக்கிட்டு நிக்கும். தேடு” என்றார்கள். கைவிளக்கின் ஒளியில் நெடுநேரம் தேடினோம். கூலர்க் குழாய்களின் வாயில் இரண்டும் செருகியிருந்தன. அவற்றை எடுக்காது புதுச் சக்கரம் பொருத்தியிருப்பின் எந்திரம் மீண்டும் கொதித்திருக்கும்.

விடியும் வேளையில் தண்ணீர் விழுந்தது. கரை சேர்ந்ததும் படகின் உரிமையாளரிடம் வாப்பா, “சல்லடையை நான் பார்த்திருக்கணும், என் தப்பு” என்றார்கள். அருகில் நின்ற நாம் வாய் திறக்கவில்லை. அன்றும் திறக்கவில்லை, 2011இல் அவர்கள் மௌத்தாகும் வரையிலும் திறக்கவில்லை.

இன்று வகுப்பறையில், “படித்துவிட்டேன், ஐயா” என்று கண் தாழ்த்திச் சொல்லும் மாணவனைக் காணும்போது எமக்குச் சினம் எழுவதில்லை. அக்குரல் எம் குரலே. அவனிடம் குற்றம் கூறாது, விடுபட்ட பக்கங்களை உடனமர்ந்து தேடுகிறோம். சொல்லாது விட்ட உண்மையும் அந்த ரப்பர் இதழ்களைப் போன்றதே. காணாமற்போவதில்லை, உள்ளே எங்கேனும் அடைத்துக்கொண்டு நிற்கும். எம்முள் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அடைத்து நின்ற ஒன்றை இம்மலரில் எடுத்து வைத்துள்ளோம்.

சல்லடையை நாம் பார்க்கவில்லை, வாப்பா.