தேரிப் பனையும் பாளை அரிவாளும்

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் பத்திரிகையில் படித்தது முதல், அந்தக் கருப்பட்டிக்கு மூலமான விருட்சம் எத்தகைய நிலத்தில் நின்று ஜீவிக்கிறது என்பதை நேரில் காண வேண்டுமென்ற ஆவல் எனக்கு இருந்துவந்தது. காயாமொழி நண்பர் ஒருவர் அழைக்கவே, சித்திரை மாதத்தில் குதிரைமொழித் தேரிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையே பரந்து கிடக்கும் செம்மணற் பிரதேசம் அது. மணற்பரல்களின்மீது இரும்பின் துரு படிந்திருப்பதால் வந்த நிறம். ஆனி, ஆடி மாதங்களில் அடிக்கும் மேல்காற்றில் மணல் இடம் பெயர்ந்துகொண்டே இருக்கும். பெய்த மழையோ மேலே தங்காமல் ஆழத்தில் இறங்கி, அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலருகே சுனையாக வெளிப்படுகிறது. நீர் நில்லாத, நிலமே நில்லாத இவ்விடத்தில் பனை மட்டும் எவ்வாறு நிற்கிறதென்றால், புதைத்த கொட்டை அவசரப்பட்டு இலை விடுவதில்லை. முளையை முதலில் கீழ்நோக்கிச் செலுத்தி, ஈரமுள்ள ஆழத்தில் கிழங்கு கட்டிக்கொண்ட பின்னரே குருத்தை வெளியே நீட்டுகிறது. வளர வளர எண்ணற்ற சல்லிவேர்கள் மணலைப் பற்றிக்கொள்கின்றன.

“பனைக்கு நாம என்னய்யா செய்யுதோம்? கொட்டையப் புதைச்சதோட சரி, தண்ணி ஊத்துனதில்ல, உரம் வச்சதில்ல” என்றார் நண்பர் அறிமுகம் செய்த பனையேறிப் பெரியவர்.

மரத்துக்குச் செய்யாத சிசுருஷையையெல்லாம் அவர் தம் பாளை அரிவாளுக்குச் செய்கிறார். கட்டையில் கல்பொடி தூவி, சவரக்கத்தியைப்போல் அதைத் தீட்டி, விரல் நுனியால் பதம் பார்த்து, இடுப்பில் தொங்கும் அரிவாள்பெட்டிக்குள் வைக்கிறார். பாளையின் நுனியைக் காலையும் மாலையும் மெல்லிசாகச் சீவினால்தான் பதநீர் சுரக்கும். கனமாகச் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துபோகும். மழுங்கிய அரிவாளோ பாளையை நைத்துச் சுரப்பையே கெடுத்துவிடும். காலில் தளைநாரை மாட்டி, சுண்ணாம்பு தடவிய கலயத்தோடு நாள்தோறும் இருமுறை முப்பது, நாற்பது மரங்களில் ஏறுகிறார். விடிலி என்னும் காய்ச்சும் குடிசையில் அவர் மனைவி பதநீரைக் காய்ச்சிச் சிரட்டைகளில் வார்க்கும் பக்குவம் எனக்குப் பிடிபடவில்லை.

விலையைப் பற்றிக் கேட்டேன்.

“பருவத்துக்கு முன்னாலயே யாவாரிகிட்ட பணம் வாங்கியாச்சு. பொறவு அவர் சொல்லுததுதான் வெல.”

மரத்தில் ஏறாதவர், அடுப்புப் புகையில் கண் எரியாதவர், ஐப்பசி கார்த்திகையில் இக்குடும்பம் பட்ட பசிக்குக் கொடுத்த கடனைக் கொண்டு பங்குனியின் விலையை நிர்ணயிக்கிறார். சீனி கலந்த சரக்கைச் சந்தையில் இறக்கி, அசல் கருப்பட்டியின் விலையையும் அவரே இறக்குகிறார். இதை வியாபாரம் என்று கௌரவிக்க என் மனம் இசையவில்லை. புவிசார் குறியீடு சரக்கின் பெயரைக் காக்கும். கடன்பட்டவனின் கையைக் கட்டவிழ்க்காது. வேலையில்லாத மாதங்களில் நியாயமான வட்டிக்குக் கூட்டுறவுக் கடன் கிடைக்குமானால், காய்ச்சிய கருப்பட்டியைத் தாமே வைத்திருந்து, விலை படிந்தபோது விற்கும் சுதந்திரம் பெரியவருக்கு வரும். அது வராதவரையில், பராமரிப்பே வேண்டாத தோட்டம் என்று தேரியைப் புகழ்வது பாதி உண்மைதான். அந்தத் தோட்டத்துக்கான பராமரிப்பு முழுவதும் ஏறுகிறவரின் உடம்பிலிருந்தே எடுக்கப்படுகிறது.