ஒரு தாயின் துயரும் ஒரு கிராமத்தின் சங்கமும்

வேல்ஸ் நாட்டின் வடமேற்குக் கரையோரத்தில் ஆங்கிள்சீ என்றொரு தீவு உண்டு. மெனாய் என்னும் ஒடுங்கிய நீரிணை அதனைப் பெருநிலத்தினின்றும் பிரிக்கின்றது. ஹொலிஹெட் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் புகையிரதம் பாலத்தின் வழியாக அந்நீரிணையைக் கடந்ததும், முதலில் எதிர்ப்படுவது ஒரு சிறிய நிலையம். நிலையந்தான் சிறிது, அதன் பெயர்ப்பலகையோ மிக நீண்டது. ஆங்கில எழுத்துக்களில் எழுதினால் அவ்வூர்ப் பெயர் 58 எழுத்துக்களைக் கொண்டதாகும். வெண்ணிற ஹேசல் மரங்கள் நிற்கும் பள்ளத்தையும், அருகிலுள்ள நீர்ச்சுழியையும், இரண்டு தேவாலயங்களையும், ஒரு செங்குகையையும் அப்பெயர் தன்னுள் அடக்கியிருக்கின்றது. பயணிகளைக் கவரும்பொருட்டு 19ஆம் நூற்றாண்டில் இவ்வாறு நீட்டப்பெற்ற பெயரை, ஊரவர் லான்வயர்பூல் எனச் சுருக்கியே வழங்குவர். மரத்தையும் நீரையும் கொண்டு ஊருக்குப் பெயரிடும் வழக்கம், புளியங்குளத்தையும் நெடுங்கேணியையும் அறிந்த நமக்குப் புதியதன்று.

பெயர்ப்பலகையின் அருகே நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்புவோர் பலர். ஆயினும் இவ்வூருக்கு அதனினும் பெரிய சிறப்பொன்றுண்டு. பிரித்தானியாவின் முதலாவது கிராம மாதர் சங்கம் 1915ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இங்கேதான் கூடியது.

அதன் வேரைத் தேடினால் கடல் கடந்து கனடாவுக்குச் செல்லவேண்டும். ஒன்ராறியோ மாகாணத்தில் அடிலெய்ட் ஹூட்லெஸ் என்னும் மாது வாழ்ந்தார். 1889ஆம் ஆண்டில் அவருடைய கைக்குழந்தை நோயுற்று இறந்தது. அசுத்தமான பாலே அதன் உயிரைக் குடித்தது என்பதை அறிந்தபோது அத்தாயின் உள்ளம் துடித்தது. பாலை எவ்வாறு காக்கவேண்டும் என்பதை எவரேனும் முன்னரே தமக்குக் கற்பித்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமே என்று அவர் ஏங்கினார். அவ்வேக்கத்துடன் அவர் ஓய்ந்துவிடவில்லை. உழவருக்குச் சங்கம் இருக்க, மனை காக்கும் பெண்களுக்கு ஏன் இருத்தல் ஆகாது என்று கேட்டார். 1897 பெப்ரவரி 19ஆந் திகதி ஸ்ரோனி கிறீக் என்னும் ஊரில் நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் திரண்டனர். உலகின் முதலாவது கிராம மாதர் சங்கம் பிறந்தது. 1910ஆம் ஆண்டில் ரொறொன்ரோ நகரில் இப்பணி குறித்து மேடையில் பேசிக்கொண்டிருந்தபோதே ஹூட்லெஸ் அம்மையார் உயிர் நீத்தார்.

அவர் ஏற்றிய விளக்கை அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு இப்பால் கொணர்ந்தவர் மாட்ஜ் வாட் என்னும் கனடா நாட்டு மாது. முதலாம் உலகப் போரினால் உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்ட காலம் அது. ஆகவே கிராமப் பெண்களை ஒன்றுசேர்க்கும் அவருடைய யோசனைக்குச் செவி கிடைத்தது. லான்வயர்பூல் முதலில் முன்வந்தது. பாராளுமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை அந்நாளில் அங்குள்ள எந்தப் பெண்ணுக்கும் இல்லை. ஆயினும் சங்கத்திலே சீமாட்டிக்கும் ஒரு வாக்கு. அவள் வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் ஒரு வாக்கு. தேர்தல் என்பது யாதென்பதைப் பல கிராமப் பெண்கள் இத்தகைய கூட்டங்களிலேதான் முதன்முதலாக அறிந்தனர்.

இச்சங்கங்களின் ஆண்டு, பருவங்களோடு ஒட்டியே நடைபெறும். மாதம் ஒருமுறை கூட்டம்; அதில் அறிக்கை வாசிப்பு, அறிஞர் ஒருவரின் பேச்சு, பின்னர் தேநீரும் பலகாரமும். தை, மாசிக் குளிரிலே ஸ்பெயின் நாட்டுக் கசப்புத் தோடம்பழம் கடைக்கு வரும். வீடுதோறும் மர்மலேட் காய்ச்சும் மணம் எழும். மார்ச் முதலாந் திகதி வேல்ஸ் மக்களின் காவலரான தாவீது அடியாரின் திருநாள். கோடை தொடங்கியதும், பல ஊர்ச் சங்கங்களின் பிரதிநிதிகள் ஒருங்கு கூடும் மாநாட்டில் தீர்மானங்கள் வாக்குக்கு விடப்படும். நல்ல வெயில் நாளிலே உல்லாசப் பயணம். ஆகஸ்டில் விவசாயக் கண்காட்சி. ஊறுகாய்ப் போத்தலுக்கும் பின்னல் வேலைக்கும் அப்போது கிடைக்கும் பரிசுச் சீட்டு எளிதில் மறக்கப்படுவதன்று. இலையுதிர் காலத்தில் அறுவடை விருந்து. மார்கழியில் நத்தார் ஒன்றுகூடல்.

இவையெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுதல் தவறு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரசாங்கம் சீனியை ஒதுக்கிக் கொடுக்க, பிரித்தானியாவின் மாதர் சங்கங்கள் 1940 முதல் 1945 வரை 5,300 தொன்னுக்கு மேற்பட்ட பழங்களை அழுகவிடாமல் பக்குவப்படுத்தின. 1943இல் சமவேலைக்குச் சமசம்பளம் வேண்டுமெனத் தீர்மானித்தன. வீதிகளில் குப்பை போடுவதை எதிர்த்து 1954இல் அவை நிறைவேற்றிய தீர்மானமே நாடளாவிய துப்புரவு இயக்கமொன்றுக்கு வித்திட்டது.

இவ்விளக்கின் ஒளி நமது இலங்கைக்கும் எட்டியது. கனடாவில் பிறந்து, 1896ஆம் ஆண்டில் இங்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்து இந்நாட்டவராகவே வாழ்ந்தவர் டாக்டர் மேரி இரத்தினம். தம் பிறந்தநாட்டுச் சங்கங்களை முன்மாதிரியாகக் கொண்டு 1930ஆம் ஆண்டில் அவர் லங்கா மகிள சமித்தியைத் தோற்றுவித்தார். இலங்கைப் பெண்கள் 1931இல் சர்வசன வாக்குரிமை பெறுவதற்கு ஓராண்டு முன்னர் இது நிகழ்ந்தது. சுகாதாரம், போஷாக்கு, கைப்பணி, வீட்டுத்தோட்டம் முதலியன கிராமங்களில் கற்பிக்கப்பட்டன. அம்மையாரின் சேவைக்கு 1958இல் மக்சேசே விருது கிடைத்தது. 1960இல் உலகின் முதலாவது பெண் பிரதமரான திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா, அரசியலில் இறங்குமுன் கிராமப் பெண்களுடன் பழகிப் பணியாற்றியதும் இச்சமித்தியிலேதான்.

நமது ஊர்களிலும் மாதர் சங்கங்கள் உள்ளன. தையல் வகுப்பும் சீட்டுக் கணக்குமாக அவை நடைபெறுவதைக் கண்டு, "பெண்களின் வம்பளப்பு" என்று நகைப்போரும் உளர். அவர்கள் அந்தக் கனடா நாட்டுத் தாயை ஒருகணம் நினைக்கவேண்டும். அவர் செல்வக் குடும்பத்தில் வாழ்ந்தவர், அன்பிலும் குறைவில்லாதவர். அவருக்கு இல்லாதிருந்தது, அடுத்த வீட்டுப் பெண்ணொருத்தி சொல்லியிருக்கக்கூடிய ஒரு சிறு செய்தி மாத்திரமே. ஒருத்தி அறிந்ததை ஊரிலுள்ள அனைவரும் அறியும்படி செய்வதற்கே இச்சங்கங்கள் கூடுகின்றன. இனி உங்கள் அன்னையோ தமக்கையோ மாலையில் சங்கக் கூட்டத்துக்குப் புறப்படும்போது, வீட்டு வேலையில் ஒரு பங்கை நீங்கள் ஏற்றுக்கொண்டு அவர்களை மகிழ்ச்சியுடன் அனுப்பிவையுங்கள்.