வடகடலின் தரை

இராமேசுவரத்தைக் கோயிலாலும் பாம்பன் பாலத்தாலும் அறிந்தோர் பலர். இந்தக் கரையின் உண்மையான சொத்து கடலின் தரைதான் என்பது என் வாதம். அதற்குச் சாட்சி, அந்தத் தரையிலேயே படிந்து வாழும் நாக்குமீனும் எருமைநாக்கும். மண்டபத்துக்கு வடக்கே பாக் விரிகுடா. மீனவர் பேச்சில் வடகடல். ஆழம் குறைந்த அந்தக் கடலின் அடி சேறும் மணலும் கடற்புல்லும். தட்டை மீன்கள் குஞ்சாக இருக்கையில் மற்ற மீன்களைப்போல நிமிர்ந்தே நீந்தும். வளரும்போது ஒரு கண் மறுபக்கத்துக்கு நகர, உடல் சாய்ந்து தரையோடு ஒட்டும். நாக்குமீனுக்கு இரு கண்களும் இடப்பக்கம். சேற்றுப் புழுவும் சிறு இறாலும் இரை. எருமைநாக்குக்கு நகரும் கண் தலை உச்சியிலேயே நின்றுவிடும். கூரிய பல்லால் மீனை வேட்டையாடும். மிதக்கும் வலையில் இவை அகப்படுவது அரிது. தரையைத் தொடும் வலைதான் வேண்டும்.

எப்படித் தொடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாட்டுப்படகினர் அடியில் விரித்து வைக்கும் வலை மீன் வரக் காத்திருக்கும். வலைக்கண் பெரிதானால் குஞ்சு தப்பும். விசைப்படகின் இழுவைமடியோ பலகைகளால் வாயை விரித்து, கனத்த அடிக்கயிற்றால் தரையை உரசிக்கொண்டே போகும். தேடுவது இறால், கூடவே விரல் நீள நாக்குமீனும் அள்ளப்பட்டு, சங்காயம் எனும் கழிவு மீனாகக் காய்ந்து தீவனத்துக்குப் போகிறது.

சேற்றுத் தரை பவளப்பாறையைவிட விரைவில் தேறும் என்பர். மெய்தான், ஆனால் தேற அவகாசம் வேண்டும். ஆண்டுக்கு 61 நாள் தடைக்காலம் உண்டு. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்ற ஏற்பாடும் உண்டு. அந்த ஏற்பாடு வலை அறுபடும் சண்டையைத் தவிர்க்க வந்தது, தரையின் கணக்கைப் பார்த்து வந்ததல்ல. 1983ஆம் ஆண்டுச் சட்டம் கரையோர 3 கடல் மைலைக் காத்தது. அதற்கு அப்பால் மடி உரசல் ஆண்டின் பெரும்பகுதி வாரந்தோறும் தொடர்கிறது. வடகடல் மீனவரின் சிக்கல் கச்சத்தீவும் இந்திய-இலங்கை எல்லைக்கோடும்தான் என்ற வாதமும் எனக்கு முழுமையாகப் படவில்லை. 2017இல் இலங்கை தன் கடலில் இழுவைமடியைத் தடை செய்தது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் நம் விசைப்படகுகளால் வலை அறுபட்டவர்களும் தமிழ் மீனவரே. கோடு எங்கே இருந்தாலும் மடி உரசுவது ஒரே தரையைத்தான்.

மடியை நிறுத்தினால் படகுக் கூலிகள் என்ன செய்வார்கள் என்ற கேள்விதான் கனமானது. 2017இல் வந்த ஆழ்கடல் திட்டம் இழுவைமடி விசைப்படகை விட்டுச் சூரை பிடிக்கப் போகச் சொன்னது. அப்போது ஒரு படகு 80 லட்சம் ரூபாய். மானியம் போக மீதி கடனும் சொந்தப் பணமும். ஒரே நாளில் போய்த் திரும்பிப் பழகியவருக்குப் பல நாள் கடல்வாசம் எளிதல்ல. அந்த மானியத்தில் ஒரு பங்கை, பெரிய கண் அடிவலையோடு நாட்டுப்படகுக்கு மாற விரும்பும் கூலிகளுக்கே நேராகத் தரலாம்.