காணாததும் சாட்சி

பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் கல்லாய்ச் சமைந்த மரமொன்று 18 மீட்டர் நீளத்தில் கிடக்கிறது. வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள். அன்று இப்பகுதியில் கடல் அலையடித்தது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் கடல் விட்டுச்சென்ற சொத்தே.

மாணவர்களோடு அங்கே நின்றபோது, ஏறக்குறைய அக்காலத்தே புறப்பட்ட ஓர் ஒளியைப் பற்றிக் கூறினேன். 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதின. அதில் பிறந்த காமாக் கதிர் வெடிப்பு 2017 ஆகஸ்ட் 17 அன்று நம்மை எட்டியது. இரண்டே விநாடிகள்! அமெரிக்காவின் ஃபெர்மி செயற்கைக்கோள் அதைக் கண்டது; ஆனால் வானின் எவ்விடம் என்று துல்லியமாகச் சொல்ல அதனால் இயலவில்லை.

2015 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற நமது அஸ்ட்ரோசாட், 2022க்குள் இத்தகைய 500 வெடிப்புகளைப் பதிவு செய்தது. அன்றோ அது எதையும் காணவில்லை.

“காணாததால் என்ன பயன், ஹஜ்ரத்?” என்றான் ஒரு மாணவன்.

நல்ல கேள்வி. மேகமூட்டத்தில் பிறை தெரியவில்லை என்பதால் எதுவும் உறுதியாவதில்லை. தெளிந்த வானில் பலர் தேடியும் தெரியவில்லையெனில் அது வேறு. அஸ்ட்ரோசாட்டின் கருவி விழித்தே இருந்தது. எனவே அதன் பார்வைக்குட்பட்ட வானில் வெடிப்பு நிகழ்ந்திருக்க முடியாது. பூமி மறைத்த பக்கத்தில்தான் நிகழ்ந்திருக்க வேண்டும். ஃபெர்மி காட்டிய பரப்பில் கணிசமான பகுதி இவ்வாறு கழிந்தது.

ஈர்ப்பலைக் கருவிகளும் இடத்தைக் குறுக்கித் தந்தன. சுமார் 11 மணி நேரத்தில், சிலி நாட்டுத் தொலைநோக்கியொன்று என்.ஜி.சி. 4993 என்னும் விண்மீன் மண்டலத்தில் அப்புதிய ஒளிப்புள்ளியைக் கண்டெடுத்தது.