கையில் கொடுத்த கட்டை

ஏழாம் வகுப்பில் சரித்திரப் பாடம். குப்தர் காலம் பொற்காலம் என்று வாத்தியார் வாசித்துக்கொண்டு வந்தார். சீனாவிலிருந்து பாகியான் என்றொரு பிக்கு வந்தாராம். இந்த நாட்டுச் சனங்கள் உயிரைக் கொல்ல மாட்டார்கள், கள் குடிக்க மாட்டார்கள் என்று எழுதினாராம். அடுத்ததாக, சண்டாளர்கள் மட்டும் ஊருக்கு வெளியே குடியிருந்தார்கள் என்று வந்தது. நகரத்துக்குள்ளோ கடைவீதிக்குள்ளோ வந்தால் அவர்கள் ஒரு கட்டையைத் தட்டிக்கொண்டு வரவேண்டும். சத்தம் கேட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.

வாத்தியார் நிறுத்தினார். வகுப்பு மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. "டேய், உங்க ஆளுங்களப் பத்தித்தாண்டா போட்டிருக்கு" என்றான் பக்கத்து பெஞ்சுக்காரன். வாத்தியாரும் சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த பாகியான் புறப்பட்ட ஊரை 2019-இல் பார்த்தேன். கி.பி. 399-இல் அவர் கிளம்பியபோது அதற்குப் பெயர் சாங்கான். இன்று சியான். என் மகன் அங்கே டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தான். "வாங்கப்பா, ஒரு தடவ பாத்துட்டுப் போங்க"ன்னு கூப்பிட்டான்.

முதலில் கோட்டை மதிலுக்குக் கூட்டிப்போனான். இப்போது நிற்பது பாகியான் பார்த்த மதில் இல்லை. மிங் அரசர்கள் 1370-களில் கட்டியது. சுற்றளவு ஏறக்குறைய 14 கிலோமீட்டர், உயரம் 12 மீட்டர். எனக்கு மதிலும் வாசலும் என்றாலே உள்ளுக்குள் ஒரு கூச்சம் உண்டு. எங்கள் ஊரில் கோயில் தெரு வந்தால் அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். நானும் பின்னால் அப்படியே நடந்தவன்தான். இங்கே தெற்கு வாசலில் டிக்கெட் கேட்டார்கள், அவ்வளவுதான். மதில்மேல் வாடகை சைக்கிள் எடுத்து இரண்டு பேரும் ஓட்டினோம். என்னை அறியாமல் ஒருமுறை குனிந்து காலைப் பார்த்துக்கொண்டேன். செருப்பு இருந்தது.

ஊர் நடுவில் முரசுக் கோபுரம். 1380-இல் கட்டியது. கொஞ்ச தூரத்தில் 1384-இல் கட்டிய மணிக் கோபுரம். விடியற்காலையில் மணி, பொழுது சாய்ந்தால் முரசு. அதுதான் ஊருக்குக் கடிகாரம். முரசுக் கோபுரத்து மாடத்தில் வரிசையாகப் பெரிய பெரிய தோல் முரசுகளை வைத்திருக்கிறார்கள். எங்கள் அப்பா பறையடித்தவர். சாவுச் சேதியும் தண்டோராவும் அவர் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். ஆனால் எந்த வீட்டு வாசற்படியும் அவர் ஏறக்கூடாது. இங்கே தோலுக்கு மாளிகையே கட்டி வைத்திருக்கிறான் என்று பார்த்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

முரசுக்கு மாளிகை கட்டினவன் அடிக்கிறவனுக்கும் மரியாதை கொடுத்திருப்பான் என்று நான் எண்ணியது தப்பு. இதே ஷான்சி மாகாணத்திலும் பக்கத்து மாகாணத்திலும் இசைக் குடிகள் என்று ஒரு கூட்டத்தைப் பிறப்பிலேயே இழிந்தவர்களாக வைத்திருந்தார்கள். சாதாரணக் குடிகளோடு கல்யாணம் கிடையாது. அரசாங்கப் பரீட்சை எழுத முடியாது. 1723-இல் யோங்செங் பேரரசர் அந்த இழிநிலையை ரத்து செய்தார். ஆணை போட்ட பிறகும் பழிச்சொல் லேசில் போகவில்லை. அடிக்கிற கை எங்கேயும் ஒன்றுதான் போலிருக்கிறது.

கடைசியாகப் பெரிய காட்டு வாத்துக் கோபுரம். யுவான் சுவாங் 645-இல் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த 657 நூல்களைப் பாதுகாக்க 652-இல் எழுப்பியது. இப்போது ஏழு நிலை. அவர் காஞ்சிபுரம் வரைக்கும் வந்தவர். அவரும் எழுதி வைத்தார். கசாப்புக்காரர், மீன்பிடிப்பவர், தோட்டி, கொலைத்தண்டனை நிறைவேற்றுகிறவர் வீடுகளுக்கு அடையாளம் போட்டு ஊருக்கு வெளியே வைத்திருந்தார்கள். தெருவில் வந்தால் இடது பக்கமாக ஒதுங்கி நடக்கவேண்டும்.

கோபுரத்துக்கு முன்னால் அவர் சிலை. கையில் வளையம் கோத்த கோல். பிக்குகளின் கோல் சத்தம் கேட்டால் சனங்கள் பிச்சை போட வாசலுக்கு வருவார்கள். நம் கட்டைச் சத்தம் கேட்டால் ஒதுங்குவார்கள்.

இந்த இருவர் மேலும் எனக்குச் சின்ன வயதிலிருந்து கோபம். அங்கே நின்றபோது அது கரைந்துவிட்டது. கட்டையை அவர்கள் கொடுக்கவில்லை. கண்டதை எழுதினார்கள். அண்ணல் அம்பேத்கர் 1948-இல் வெளிவந்த தீண்டப்படாதவர்கள் பற்றிய நூலில் இவர்கள் இருவரின் குறிப்பையும் எடுத்து ஆராய்ந்தார். தீண்டாமை கி.பி. 200-இல் இல்லை, 600-க்குள் வந்துவிட்டது என்று முடிவுக்கு வந்தார். எல்லாம் வெள்ளைக்காரன் வந்து மூட்டிவிட்டது என்று பேசுகிறவர்களுக்கு முன்னால் நிறுத்த நமக்கு இந்த இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள்.

சிலையடியில் உட்கார்ந்து, ஏழாம் வகுப்புக் கதையை மகனுக்கு முதல்முறையாகச் சொன்னேன். அவன் கொஞ்சநேரம் பேசவில்லை.

"இங்க சீனாக்காரன் யாரும் என்ன ஜாதின்னு கேக்கலப்பா. ஹாஸ்டலுக்கு வந்த மொத வாரம் நம்ம ஊர்ப் பசங்கதான் கேட்டாங்க. அப்பா என்ன வேல, எந்தத் தெருன்னு."

"நீ என்னடா சொன்ன?"

"தாத்தா பறையடிச்சாரு, அப்பா வாத்தியாருன்னேன். ரெண்டு பேரு ரூம் மாத்திக்கிட்டுப் போயிட்டாங்க."

"நீ?"

"நான் ஏன்ப்பா மாத்தணும்?"

நான் சரித்திர வாத்தியார். பாகியான் பாடத்தை எத்தனையோ வருஷம் நடத்தியிருக்கிறேன். சண்டாளர் என்ற வரி வந்ததும் வேகமாக வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். எந்தப் பிள்ளையும் தலைகுனியக் கூடாது என்றுதான். ஊருக்குத் திரும்பிய பிறகு அப்படிச் செய்வதில்லை. அந்த வரியில் நிறுத்தி, "அவங்க கையில கட்டையக் கொடுத்தவன் யாரு?" என்று கேட்கிறேன். பிள்ளைகள் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. என்னைத்தான் பார்க்கிறார்கள். அப்புறம் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பிக்கிறார்கள்.