ஐந்து சக்கரமும் ஒரு மாமியாரும்

மாமியார் பக்கத்து ஆசனத்தில் வீற்றிருக்கும்போது மோட்டார் டயர் வெடிப்பதைக் காட்டிலும் பெரிய சங்கடம் ஒரு மாப்பிள்ளைக்கு உண்டா என்று நமக்குத் தெரியவில்லை. சென்ற தை மாதத்தில் அது நமக்கு நேர்ந்தது.

பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்கு, ஒரு கல்யாண வீட்டுக்காக நூற்றைம்பது தேங்காயை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தோம். வண்டி, காலஞ்சென்ற நம் மாமனாருடைய 1951-ஆம் வருஷத்து ஷெவர்லே அரை டன் பிக்கப். வலது பக்கத்தில் ஓட்டுகிற நாம். நடுவில் நம் எட்டு வயதுப் பையன். இடது ஓரத்தில் மாமியார். திடீரென்று 'டமார்' என்றது. ஸ்டியரிங் நம் கையைப் பிடுங்கிக்கொண்டு இடப்பக்கம் திரும்பிற்று. வேகம் மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் இல்லை. அதனால்தான் சாலையோரத்துப் புளியமரத்துக்கு ஒரு முழம் இப்பால் வண்டி நின்றது. தேங்காயில் பாதி சாலையில் உருண்டு, கல்யாணத்துக்கு நமக்கு முன்பே புறப்பட்டுவிட்டது.

மாமியார் பேரனை அணைத்தபடியே இறங்கினார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மாப்பிள்ளை, இந்த வண்டியை விற்றுவிடுங்கள். அவர் இருந்தவரையில் இது ஒரு நாளும் இப்படிச் செய்ததில்லை" என்றார். முதல் வாக்கியத்தைவிட இரண்டாவது வாக்கியம்தான் நம்மைச் சுட்டது.

டயரில் பூ தேயவே இல்லை என்று நாம் வாதாடிப் பார்த்தோம். ஊர்ப் பட்டறையில் இருக்கும் முதிய மெக்கானிக் அந்த வாதத்தை ஒரு நிமிஷத்தில் முடித்து வைத்தார். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த நான்கு இலக்கங்களைத் துடைத்துக் காட்டினார்: 3409. முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருஷம். அதாவது 2009-ஆம் வருஷத்தின் முப்பத்து நான்காவது வாரத்தில் பிறந்த டயர் அது. மாமனார் போன பிறகு கொட்டகையில் நின்று நின்று, பக்கவாட்டில் நகம் நுழையும் அளவுக்கு வெடித்துப் போயிருந்தது. "ஸார், இது டயர் இல்லை, அப்பளம்" என்றார் அவர். பத்து வருஷம் கடந்த டயரை, பூ இருந்தாலும் கழற்றி எறிய வேண்டுமாம். மாமனாருக்குத் தெரிந்திருந்த இந்தச் சங்கதி நமக்குத் தெரிந்திருக்கவில்லை. மாமியாரிடம் ஒரு மாதத் தவணை கேட்டு வாங்கினோம்.

டயரை மாற்றுவதற்கு முன் சக்கரங்களையும் சோதிக்க வேண்டும் என்றார் மெக்கானிக். ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து டிஸ்குகள். துருவைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்து வைத்தார். கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய், மெல்ல வெளியே கசிந்து சுண்ணாம்பில் கோடு போடுமாம். இரண்டு டிஸ்குகளில், போல்ட் துவாரத்திலிருந்து துவாரத்துக்குக் கோடு ஓடிற்று! இத்தனை நாளும் அவற்றின் மேல் குழந்தையை உட்கார வைத்து ஓட்டினோம் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

இந்தச் சமயத்தில்தான் நம் மைத்துனன் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தான். "அத்தான், எதற்கு இந்தப் பழைய இரும்பு? டொயோட்டா பார்ச்சூனருக்கும் ஆறு துவாரம், இதற்கும் ஆறு துவாரம். அளவும் ஒன்றேதான். பளபளவென்று அலாய் சக்கரம் போட்டுவிடலாம்" என்றான். அவன் சொன்னதில் பாதி உண்மை. துவாரங்கள் அமைந்த வட்டத்தின் குறுக்களவு இரண்டுக்கும் ஐந்தரை அங்குலம், அதாவது 139.7 மில்லிமீட்டர். ஆனால் போல்ட் பொருந்திவிட்டால் சக்கரம் பொருந்திவிட்டது என்று அர்த்தமா? ஜாதகம் பொருந்திவிட்டதாலேயே சம்பந்தி பொருந்திவிடுகிறாரா? அந்தப் புதுச் சக்கரம் அச்சிலிருந்து வெகுவாக உட்பக்கம் தள்ளி உட்காரும். அதற்குரிய டயரோ பத்தங்குலத்துக்கு மேல் அகலம். ஆறங்குல டயருக்கென்று செய்த இடத்தில் அதை நுழைத்தால், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது வில்லிலும் கம்பியிலும் உராயும். நம் வண்டியில் பவர் ஸ்டியரிங்கும் கிடையாது. சந்தைப்பேட்டையில் வண்டியைத் திருப்பி நிறுத்த ஒரு பயில்வானைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"அப்படியானால் பதினைந்து அங்குலத்தில் குட்டையாகப் போடலாமே?" என்றான். மெக்கானிக்குக் கோபமே வந்துவிட்டது. இந்த எஞ்சினில் கனெக்டிங் ராடின் அடியில் சிறு கரண்டி போன்ற ஓர் உறுப்பு எண்ணெயை வாரிக்கொள்கிறது; பேரிங் மிருதுவான பாபிட் உலோகம். நிதானமாக ஓடினால் பல காலம் உழைக்கும், ஓயாமல் விரட்டினால் உருகிவிடும். டயரின் உயரம் இருபத்தெட்டு அங்குலமாக இருந்தால், எண்பது கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிஷத்துக்குச் சுமார் 2,450 தடவை சுற்றும். இருபத்தாறாகக் குறைத்தால் 2,640 தடவை. அழகுக்காக இரண்டு அங்குலம் குறைத்து, எஞ்சினின் ஆயுளையும் அல்லவா குறைத்துக்கொள்கிறோம்! அன்றியும், ஐம்பது வருஷம் கடந்த வண்டிகளைப் பற்றி 2021-ல் மத்திய சர்க்கார் வகுத்த விதிகள், வண்டி அசல் உருவத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. மைத்துனன் மறு பஸ்ஸில் ஊருக்குப் போனான்.

ஆகவே, பிறந்தபோது இருந்த அளவே போதும், 6.00-16 என்று தீர்மானித்தோம். டயர் கடைக்காரர், "தாராளமாக இருக்கிறது" என்று சொல்லி உள்ளேயிருந்து ஒன்றை உருட்டி வந்தார். அளவு சரிதான், விலையும் மலிவு. ஆனால் பூவுக்குப் பதிலாக மூன்று உயர்ந்த வரப்புகள் அதைச் சுற்றி ஓடின. அது டிராக்டரின் முன்சக்கர டயர்! உழவுக்கும் வண்டிப்பாதைக்கும் உகந்தது. மணிக்கு முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு மேல் விரட்டுவதற்கு ஏற்பட்டதன்று. அளவை மட்டும் பார்த்து வாங்கியிருந்தால், மாமியாரை மறுபடியும் புளியமரத்துக்கே அழைத்துப் போயிருப்போம். ஜீப்புக்கு என்று கேட்டு, ஆறு பிளை உள்ளதாக வாங்க வேண்டும்.

ரேடியல் போடலாமா என்ற யோசனையும் இருந்தது. பிடிப்பிலும் சுகத்திலும் ரேடியலே உயர்வு, சந்தேகமில்லை. நெடுஞ்சாலையில் தினமும் பறக்கிறவர் அதையே வாங்கட்டும். ஆனால் டியூப் இல்லாமல் மட்டும் ஓட்டக்கூடாது. நம்முடைய பழைய ரிம் ரிவெட் அடித்தது, அதன் வழியே காற்று கசியும். டயரின் விளிம்பு நழுவாமல் தடுக்க இக்காலத்து ரிம்மில் உள்ள மேடும் அதில் இல்லை. ஐம்பதைத் தாண்டாத நமக்குக் கடைக்காரர்கள் 'நைலான்' என்று சொல்லும் பழைய முறை டயரும், புது டியூபும் போதும் என்று விட்டுவிட்டோம்.

டிஸ்குக்காகச் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனதைத் தனியாகவே எழுதலாம். இரண்டு நாள் அலைந்து, எண்ணெய்ப் பிசுக்குக் குவியலுக்கு அடியிலிருந்து ஆறு துவார டிஸ்குகள் இரண்டைத் தோண்டி எடுத்தோம். சட்டைப்பையிலிருந்து சுண்ணாம்புக் கட்டியை எடுத்தபோது கடைப்பையன் நம்மை வாத்தியார் என்றே நினைத்தான்.

இந்த வண்டி ஓடத் தொடங்கிய காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி பம்பாய் சிவ்ரியில் ஒரு தொழிற்சாலை வைத்து, வெளிநாட்டிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி வண்டிகளை விற்றது. 1928 முதல் 1954 வரை அது நடந்தது. டயருக்கான ரப்பரில் கணிசமான பங்கு உலகத்துக்கெல்லாம் மலேயாவிலிருந்து போயிற்று. 1942-ல் மலேயா ஜப்பானியர் வசமானபோது அமெரிக்காவிலேயே டயருக்குப் பங்கீடு வந்துவிட்டது. அந்த மலேயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்களில் ஏராளமானோர் நம் தமிழர். வெட்டியவர்கள் எத்தனை பேர் மோட்டாரில் ஏறியிருப்பார்கள்? நாம் இப்போது வாங்கிய ஐந்து டயரிலும் இந்தியாவில் செய்தது என்று அச்சிட்டிருப்பதைப் பையன் விரலால் தடவி உரக்க வாசித்தான். நாம் வாசித்தது நான்கு இலக்கங்களை. ஒன்று நான்கு வருஷத்துப் பழையது. திருப்பிக் கொடுத்து மாற்றினோம்.

தவணை முடிகிற அன்று காலையில் மாமியார் வாசலுக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "எல்லாம் பழைய மாதிரியேதானே இருக்கிறது? புதிதாக என்ன வாங்கினீர்கள்?" என்று கேட்டார். நாம் பதில் தேடுவதற்குள் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

புறப்பட்டதும் 'தடக் தடக்' என்றது. நைலான் டயர் இரவெல்லாம் நின்ற இடத்தில் சற்றுத் தட்டையாகிவிடும், சூடேறினால் சரியாகும் என்று விளக்கினோம். அவர் பதில் சொல்லாமல் கதவின் பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். எண்பது கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும் என்று மெக்கானிக் சொன்னதை நாம் மனத்துக்குள் உருப்போட்டுக்கொண்டே ஓட்டினோம். கோமங்கலம் தாண்டும்போது சத்தம் நின்றிருந்தது. திரும்பிப் பார்த்தால், மாமியாரின் கை பிடியை விட்டு மடியில் கிடந்தது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.