ஒருசந்தியும் ஒருபிடி அரிசியும்

மலேசியத் தமிழர் காலை உணவு உண்பதைப் ‘பசியாறுதல்’ என்று வழங்குவர். காலையில் ஒருவரையொருவர் காணும்போது, “பசியாறியாயிற்றா?” என்று வினவுவதே தோட்டப்புறங்களில் வணக்கமாகவும் நலம் விசாரிப்பாகவும் அமைந்திருந்தது. பசியை ஆற்றுவதற்கு இத்துணை இனிய சொல்லைக் கண்ட மக்களிடம், பசியை விரும்பி ஏற்றுக்கொள்வதற்கும் சொற்கள் பல உண்டு. நோன்பு, விரதம், உபவாசம் என்பன அவற்றுட் சில. மலாய் மக்கள் தம் நோன்பினைக் குறிக்கும் ‘புவாசா’ என்னும் சொல்லும் உபவாசம் என்ற வடசொல்லின் வழி வந்ததே. அருகில் தங்கியிருத்தல் என்பது அச்சொல்லின் அடிப்பொருள். கிறிஸ்தவருள் சீர்திருத்தச் சபையினர் உபவாசம் என்றே கூறுவர். கத்தோலிக்கத் தமிழரோ ‘ஒருசந்தி’ என்னும் பழஞ்சொல்லை நெடுங்காலமாகப் போற்றி வந்துள்ளனர். நாளில் ஒருவேளை மட்டும் வயிறார உண்பது ஒருசந்தி. புலால் நீக்கி உண்பது சுத்தபோசனம்.

கோலசிலாங்கூருக்கு வடக்கே தஞ்சோங் காராங் வட்டாரத்தில், ஒருபுறம் மலாய் மக்களின் நெல்வயல்கள் விரிந்து கிடக்க, மறுபுறம் ரப்பரும் செம்பனையும் தென்னையும் நிறைந்த தோட்டங்கள் இருந்தன. இந்நாட்டில் வணிக நோக்குடன் செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்ட தென்னமரம் தோட்டமும் இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தைச் சேர்ந்ததே. அது நிகழ்ந்தது 1917-இல். இத்தகைய தோட்டமொன்றில் பால்மரம் சீவி வாழ்ந்த தொழிலாளி ஒருவர், 1970-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் முதன்முதலாக நோன்பு நோற்கத் தொடங்கினார். அவர் வாழ்ந்த லயத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே இருந்தன. குருவானவர் மாதம் ஒருமுறை வருவார். மற்றை ஞாயிறுகளில் உபதேசியார் வந்து செபம் நடத்துவார்.

அவர் நோன்பு தொடங்கியதற்குத் தக்க காரணம் இருந்தது. 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டியதாயிற்று. 1969-ஆம் ஆண்டு மே மாதத்திற்குப் பின் அச்சட்டத்தின் பிடி இறுகியது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தமிழர் பல்லாயிரவர் வேலை இழந்து, கண்காணாத தம் முன்னோர் ஊரை நோக்கிக் கப்பலேறினர். இத்தொழிலாளி இம்மண்ணிலே பிறந்து, காலத்தில் விண்ணப்பித்து நீல அட்டை பெற்றவர். அவருடைய அண்ணனோ தாயின் இடுப்பில் அமர்ந்து கடல் கடந்து வந்தவர். விவரம் அறியாமையாலும் அசட்டையாலும் விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டார். அண்ணனின் பெயர் பெரட்டிலிருந்து நீங்கியது. அவரும் மனைவியும் நான்கு பிள்ளைகளும் அதே லயத்தின் கோடியில், அடுத்த வேளைக்கு வழியறியாது வாடினர்.

இரு வீடுகளுக்கும் இடையே எட்டு வாசல்களே இருந்தன. ஆயினும் உடன்பிறந்தார் இருவரும் மூன்று ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளவில்லை. தாய் இறந்தபோது எஞ்சிய தங்கத் தோடு யாருக்கு என்பதில் எழுந்த பூசல் அது. தோடு தம்பியின் வீட்டுப் பெட்டியில் இருந்தது. அண்ணனுக்கு அனுமதிச் சீட்டுக் கிடைக்கவேண்டும் என்று தம்பியின் உள்ளம் ஏங்கியது. ஆனால், அண்ணன் வாசலை மிதிக்க அவர் கால் எழவில்லை. மனிதரிடம் பேச இயலாததை இறைவனிடம் பேசிவிடலாம் என்று அவர் எண்ணினார் போலும்.

அவ்வாண்டு பிப்ரவரி 11-ஆம் நாள் சாம்பல் புதன். அன்று விடியுமுன் எழுந்து, நீரும் அருந்தாமல் பெரட்டுக்குச் சென்றார். தாம் நாற்பது நாளும் பச்சைத் தண்ணீரும் தொடப்போவதில்லை என்று உடன் வேலை செய்வாரிடம் அறிவித்தும்விட்டார். காவடிக்கு விரதம் இருந்து பழகிய இந்து நண்பர்கள் வியந்தனர், ஒருவர் கைகூப்பி, “சாமி!” என்று அழைத்தார். அச்சொல் அவருக்கு இனித்தது. முற்பகல் பத்து மணியளவில், மங்குகளிலிருந்து பாலைச் சேர்த்து, காண்டாவில் இரு வாளிகளைச் சுமந்து வரும்போது கண் இருண்டது. நிரையின் நடுவே விழுந்தார். அன்றைய பால் முழுவதும் மண்ணில் கொட்டியது. கூலியும் அதனோடு போயிற்று. தோட்ட மருத்துவமனை டிரெசர் குளுக்கோஸ் நீர் கொடுத்துக் கடிந்துகொண்டார்.

இவ்வாறு வீழ்ந்தவர் இவர் மட்டுமல்லர். சாது சுந்தர் சிங் தம் இருபத்து மூன்றாம் வயதில், 1913-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், இயேசுவைப்போல் நாற்பது நாள் உண்ணாதிருக்க முயன்று, வட இந்தியக் காட்டில் உணர்விழந்து கிடந்தார். வழிப்பட்டவர்கள் கண்டெடுத்துக் காப்பாற்றினர். அவரே பின்னர், 1919-ஆம் ஆண்டையொட்டிய தம் கீழ்த்திசைப் பயணத்தில், மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து தமிழரும் கேட்கச் சமயவுரை ஆற்றினார். துறவிக்கே அரிதான ஒன்றை, விடியுமுன் எழுந்து பல நூறு மரங்களைச் சீவும் உழைப்பாளி முதல்நாளிலே முயன்றது பிழையே.

அடுத்த ஞாயிறன்று உபதேசியார் அவரைத் தனியே அழைத்துப் பேசினார். கடும் உழைப்பாளிகளையும் நோயாளிகளையும் கருவுற்ற தாய்மாரையும் திருச்சபை என்றுமே ஒருசந்தியினின்று விலக்கி வைத்துள்ளது என்பதை முதலில் எடுத்துரைத்தார். 1966-ஆம் ஆண்டில் திருத்தந்தை ஆறாம் பவுல் விதிகளைத் தளர்த்தி, சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஆகிய இரு நாள்களை மட்டுமே கட்டாய ஒருசந்தி நாள்களாக எங்கும் நிலைநிறுத்தியதையும் சொன்னார். “விதி உம்மைக் கேட்கவில்லை; உமது மனம் கேட்கிறது. அப்படியானால் மனத்துக்கும் சேர்த்து நோன்பு இரும்,” என்றார்.

பின்னர் அவர் வகுத்துக் கொடுத்த முறை எளியது. விடியற்காலையில் வேலைக்குத் தேவையான அளவு நீர் அருந்துக, பால் நிறுத்துக் கொடுத்தபின், நண்பகலில் ஒருவேளை வயிறார உண்க, இரவுணவை விடுக்க. அவ்வேளையில் செபமாலை சொல்க. வெள்ளிதோறும் பதினான்கு நிலைகளோடு சிலுவைப்பாதை செய்க. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாளாதலால் அன்று நோன்பு வேண்டா. சாம்பல் புதன் முதல் உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய நாள் வரை நாற்பத்தாறு நாள் இருப்பினும், ஆறு ஞாயிறுகள் நீங்கலாக நாற்பது என்றே எண்ணப்படுவது இதனாலேயே. நோன்பிருப்பது பிறர்க்குத் தெரியலாகாது. மலைப்பொழிவில் இயேசு மொழிந்தவாறு, முகம் கழுவி, தலைக்கு எண்ணெய் வைத்து, இயல்பாகவே நடமாடுக. இறுதியாக ஒன்று: விடுத்த உணவின் அரிசியை வீட்டுப் பானைக்குத் திருப்பாமல், வேறு பானையில் சேர்த்து வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டுச் சபைகளில் பெண்கள் உலை வைக்கும்போது ஒருபிடி அரிசியைக் கோயிலுக்கென எடுத்து வைக்கும் வழக்கம் உண்டு. அதனை நினைத்துக்கொண்ட தொழிலாளி, “சேர்ந்த அரிசியைக் கோயிலில் வைத்துவிடட்டுமா?” என்று கேட்டார். உபதேசியார் அவரைச் சிறிது நேரம் நோக்கியிருந்து, “கோயிலுக்குப் பசியில்லை. பசி எந்த வீட்டில் இருக்கிறது என்று உமக்குத் தெரியுமே,” என்றார்.

இரண்டு வாரங்களில் பானையில் இரண்டு படி அளவுக்கு அரிசி சேர்ந்தது. வயிற்றுப் பசி ஓரளவு பழகிவிட்டது. இரவில் தலைவலியும் குறைந்தது. பழகாதது அந்த எட்டு வாசல்கள்தாம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சிலுவைப்பாதை முடித்த கையோடு, அரிசிப் பையைத் துண்டுக்குள் மறைத்து அண்ணன் வாசலுக்குச் சென்றார். அண்ணன் எழுந்து நின்று, லயம் முழுவதும் கேட்கும்படி, “பிச்சை போட வந்தாயோ? அம்மாவின் தோட்டை விழுங்கியவன் கை அரிசி என் பிள்ளைகளுக்கு வேண்டாம்!” என்று சீறினார். தம்பி மறுமொழி கூறவில்லை. பையைத் திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

உண்ணாது நோற்பவர் பெரியவரே. ஆயினும், பிறர் கூறும் கடுஞ்சொல்லைப் பொறுப்பவர்க்கு அடுத்த இடமே அவர்க்கு உண்டு என்றார் வள்ளுவர். பசியைப் பொறுக்கும் வலிமையும், பிறர் பசியைத் தீர்க்கும் வலிமைக்குப் பிற்பட்டதே என்று அவரே வேறோர் இடத்தில் வகுத்தார். ஏசாயா தீர்க்கதரிசி, தலைகுனிந்து சாம்பலில் அமர்வதை விடுத்து, பசித்தவனோடு உணவைப் பகிர்வதையும் சொந்த இரத்தத்துக்கு முகம் மறைக்காதிருப்பதையும் இறைவன் விரும்பும் நோன்பாகக் கூறினார். இவை இரண்டையும் அத்தொழிலாளி ஏட்டில் கற்றவரல்லர். எட்டு வாசல்களைக் கடந்து கற்றார்.

அடுத்த வெள்ளியும் அவர் சென்றார். அன்று அண்ணி வெளியே வந்து, ஒன்றும் பேசாமல் பையை வாங்கிக்கொண்டார். அதற்கடுத்த வெள்ளி, அண்ணன் தலை நிமிராமலே, “உட்கார்,” என்றார். அண்ணி ஒரு தட்டில் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்து வைத்தார். தம்பிக்கு அது இரவுணவை விடுக்கும் வேளை. உண்டால் நோன்பு முறியும். மறுத்தால் மூன்று ஆண்டுகளுக்குப் பின் திறந்த கதவு மீண்டும் மூடும். ஒரு நொடி தயங்கியபின் தட்டை எடுத்து உண்டார்.

அஞ்சியவராய் இதனை உபதேசியாரிடம் ஒப்புக்கொண்டபோது, அவர் கண்டிக்கவில்லை. எகிப்துப் பாலைவனத்துத் துறவிகள் விருந்தினர் வந்தால் நோன்பை நிறுத்தி உடனுண்டார்கள் என்பதை, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யோவான் கசியான் எழுதி வைத்துள்ளார். நோன்பு எப்போதும் கைவசம் இருப்பது. வந்த மனிதரோ போய்விடுவார் என்பது அத்துறவிகளின் கருத்து. உபவாசம் என்பது அருகில் தங்கியிருத்தல் என்றால், அன்று அண்ணனின் அருகில் அமர்ந்து உண்டதும் உபவாசமே.

மார்ச் 29-ஆம் நாள் உயிர்ப்புப் பெருவிழாவை இரு குடும்பங்களும் ஒன்றாகக் கொண்டாடின. ஆனால் நாற்பது நாளும் வேண்டியது கிட்டவில்லை. அனுமதிச் சீட்டு மறுக்கப்பட்டது. சில திங்களில் அண்ணன் குடும்பம் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறி நாகப்பட்டினம் நோக்கிப் புறப்பட்டது. வழியனுப்பச் சென்ற தம்பியின் மனைவி, தாயின் தோட்டினை அண்ணியின் கையில் வைத்து மூடினார். வாங்குவதற்கு அவர் மறுத்தும் விடவில்லை.

கேட்டதைப் பெறுவதற்கான விலையாக நோன்பினைக் கருதுவோர்க்கு இது தோல்வியாகவே தோன்றும். அத்தொழிலாளிக்கும் துயரம் இருந்தது. அதை அவர் மறைத்ததில்லை. எனினும், “நோன்பு இல்லாதிருந்தால் அண்ணன் என்னோடு பேசாமலே கப்பலேறியிருப்பார்,” என்று பிற்காலத்தில் கூறுவார். மூப்பு வரையில் வெள்ளிதோறும் ஒருசந்தி காத்தார். அறுபதைத் தொட்டபோது, 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் பதினெட்டு முதல் ஐம்பத்தொன்பது வயது வரையுள்ளார்க்கே ஒருசந்திக் கடமையை விதிக்கிறது என்று பிறர் நினைவூட்டினர். நீரிழிவு கண்டபின் மருத்துவர் சொற்கேட்டு வேளை தவறாது உண்டார். அப்போதும் பிடி அரிசியை மட்டும் நிறுத்தவில்லை. அது லயத்தில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லையோ அந்த வீட்டுக்குச் சென்றது. அவ்வீட்டார் எந்தச் சமயத்தார் என்று அவர் பார்த்ததில்லை.

நோன்பைத் தொடங்க விழைவோர் சிறிய அளவில் தொடங்குக, மறைவாகத் தொடங்குக, உடலின் நிலையறிந்து தொடங்குக. அதற்கு முன், யாரோடு பேசாதிருக்கிறோம் என்பதை ஒருமுறை எண்ணிப் பார்க்க. நோன்பின் முதல் அடியை எடுத்துவைக்க வேண்டிய வாசல் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.